அப்பாவின் 14 அடி அலுமினியப் படகு: ரிவெட்டா, பசையா, வெல்டிங்கா?

அப்பா 1996இல் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு முதியவரிடம் வாங்கிய படகு அது. செய்யப்பட்டது எழுபதுகளில். 14 அடி, மெல்லிய அலுமினியத் தகடு, உடம்பு முழுக்க, தகடுகளைக் கோத்து இறுக்கும் உலோக ஆணியான ரிவெட் வரிசை வரிசையாக. நானும் தம்பியும் ரைஸ் ஏரியில் மீன் பிடிக்கப் பழகியது அதில்தான். அப்பா போன பிறகு ஒன்பது வருடம் என் வீட்டுப் பின்வளவில் கவிழ்ந்து கிடந்தது. இந்த வசந்தத்தில் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். தம்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னான்: "அண்ணா, உதைப் பழைய இரும்புக்காரனிட்டக் குடுத்திட்டுப் புதுசொண்டு வாங்குவம்."

அவன் கணக்கில் பிழையில்லை. இந்த அளவுப் படகில் தகடு என்று பார்த்தால் 100 கிலோ சொச்சம்தான். திருத்தும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனாலும் திருத்துவது என்றே முடிவானது. அதன் காரணத்தை நாங்கள் இருவரும் இதுவரை கதைக்கவில்லை.

அப்புறம்தான் உண்மையான சண்டை. எங்கே கை வைத்தாலும் மூன்று நான்கு வழி. ஒவ்வொரு வழிக்கும் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய ஆட்கள். நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் நிறுத்துப் பார்த்தேன்: இன்னும் 15 வருடத்தில் இது மறுபடி பழுதானால், அப்போது கழற்றித் திருத்த முடியுமா?

கசிவு: நான்கு வழிகள்

முதலில் எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டும். படகை ட்ரெய்லரில் ஏற்றி, வடிகால் அடைப்பானைப் போட்டு, உள்ளே தண்ணீர் விட்டு, கீழே படுத்துக்கொண்டு சொட்டும் இடங்களை மார்க்கரால் வட்டமிடுவதுதான் எளிய வழி. கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பினாலே அரை டன்னைத் தாண்டும். அந்தப் பாரத்துக்கு ட்ரெய்லரின் தாங்குகட்டைகள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் படகின் வயிறே வளைந்துவிடும். நாங்கள் 41 வட்டம் போட்டோம். பெரும்பாலானவை அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, சற்றுப் பின்னால், அலை வந்து அறையும் இடத்தில்.

இந்த ரிவெட்டுகள் ஏன் தளர்கின்றன? அலையின் அடி ஒரு காரணம். குளிர் இன்னொன்று. ஒன்ராறியோவின் குளிர்காலம் மைனஸ் 25 பாகை வரை இறங்கும், கோடையில் வெயிலில் கிடக்கும் தகடு 35ஐத் தொடும். அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் உலோகம். இந்த 60 பாகை வித்தியாசத்தில் 14 அடிப் படகு கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. போதாததற்கு, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மூட்டில் நின்றுபோன தண்ணீர் உறைந்து பருத்து மூட்டைத் திறக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த அசைவுக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

வெல்டிங்கை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். "ஒருமுறை பற்றவைத்துவிட்டால் பிறகு பார்க்கவே தேவையில்லை" என்பார்கள். எங்கள் படகே அதற்கு மறுசாட்சி. 2000களின் தொடக்கத்தில் அப்பா ஒரு மூட்டைப் பட்டறை ஒன்றில் கொடுத்துப் பற்றவைத்திருந்தார். அந்த வெல்டிங் கோடு இன்றும் அப்படியே இருக்கிறது; அதிலிருந்து அரை அங்குலம் தள்ளித் தகடு மயிரிழையாக வெடித்திருந்தது. படகுத் தகட்டின் பலத்தில் ஒரு பங்கு, தொழிற்சாலையில் அதைக் குளிர்நிலையில் உருட்டி ஏற்றிய முறுக்கு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்த முறுக்கு இறங்கித் தகடு மெத்தென்றாகிவிடும். இன்னொரு தொல்லை: அலுமினியம் 660 பாகையில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2000 பாகை தாண்டினால்தான் உருகும். ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே கை நடுங்காமல் போவது பெரிய வித்தை. மூட்டுக்குள் 50 வருடத்துப் பெயின்ட், எண்ணெய், பழைய பசை எல்லாம் இருந்தால் உருகிய உலோகத்தில் குமிழ் குமிழாக ஓட்டை விழும். புதிய வெல்டிங் படகுகள் நன்றாக உழைக்கின்றன என்றால், அவை தொடக்கத்திலிருந்தே தடித்த தகட்டில், வெல்டிங்குக்கென்று வரையப்பட்டவை. ரிவெட் படகு வேறு சாதி.

அடுத்தது பசை. இரண்டு பகுதியைக் கலந்து உள்ளிருந்து ஊற்றும் எபோக்சி, ரிவெட் மூட்டுகளுக்கென்றே விற்கிறது. 'க்ளூவிட்' தான் பலரும் சொல்லும் பெயர். நல்ல வெயில் நாளில், தகடு சூடாக இருக்கும்போது பூசினால் இளகி மூட்டுக்குள் இறங்கும். ஒரு சனி ஞாயிறில் வேலை முடிந்தது. செலவில் மற்ற எல்லா வழியையும் அடித்துவிடும். தம்பியின் வாக்கு இதற்குத்தான்: "உதைப் பூசி விட்டாக் காணும்." காணும்தான், இரண்டு மூன்று கோடைக்கு. ஆனால் தளர்ந்த ரிவெட் பசைக்குள்ளும் தளர்ந்தபடியே ஆடிக்கொண்டிருக்கும். அதைவிட, ரிவெட்டின் உட்பக்கம் நீட்டி நிற்கும் வால்களை எபோக்சி மூடிவிட்டால் நாளைக்கு அவற்றை அடித்து இறுக்க வேண்டுமென்றாலும் முதலில் முழுவதையும் சுரண்ட வேண்டும். '3எம் 5200' போன்ற பாலியூரித்தேன் பசையும் அப்படித்தான். முழுதாக இறுக ஒரு வாரம் எடுக்கும், இறுகிய பின் பிரிப்பதற்குள் தகடே கிழியும் போலிருக்கும். பசை மட்டுமே மருந்து என்பவர்களுக்கு என் பதில், ஈயம் பூசிய மாதிரியும் இருக்க வேண்டும், பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் நடக்காது.

மூன்றாவது, பாப் ரிவெட்: நடுவிலுள்ள கம்பியைக் கருவியால் இழுத்து முறித்து இறுக்கும் வகை. ஒற்றை ஆள், வெளிப்பக்கத்திலிருந்தே அடிக்கலாம். இருக்கைப் பெட்டிக்கு அடியில் கை நுழையாத இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண வகையில் நடுவே துவாரம், அதற்குள் இரும்புக் கம்பியின் முறிந்த துண்டு. துவாரத்தால் தண்ணீர் வரும், இரும்பு துருவேறி அலுமினியத்தையும் தின்னும். முனை மூடிய, கம்பியும் அலுமினியமாகவே உள்ள வகையைத் தேடி வாங்க வேண்டும். அதிலும் பசையில் தோய்த்துத்தான் போட வேண்டும்.

நான்காவது, தொழிற்சாலையில் போட்ட அதே முழு ரிவெட். வெளியே காற்றுச் சுத்தியலால் தலையில் அடிக்க, உள்ளே ஒருவர் கனத்த இரும்புக் கட்டியை வாலில் முட்டுக்கொடுத்துப் பிடிக்க, வால் நசுங்கித் தொப்பியாகும். கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். தளர்ந்த ரிவெட் தேய்ந்து போகாதிருந்தால் அதே ரிவெட்டையே மறுபடி அடித்து இறுக்கலாம். எங்கள் 41இல் 29 அப்படியே நின்றுவிட்டன, புதிதாக ஒரு காசுச் செலவில்லை. மிச்சத்தைத் துளையிட்டு எடுத்துப் புதியது போட்டோம். தகட்டைத் தாண்டி வெளியே நிற்கும் வாலின் நீளம் ரிவெட்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். குறைந்தால் தொப்பி பிடிக்காது, கூடினால் வளைந்து சாயும்.

இதைக் கற்றுத் தந்தவர் மாமா. டவுன்ஸ்வியூவில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகைப் பார்த்ததும், "இது பிளேன்தானே, செட்டை மட்டும் இல்லை" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் வரலாறு அதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போர் விமானம் செய்த அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம், அதே தகடு அடிக்கும் கைகளை வைத்து அலுமினியக் கனூ (ஒடுங்கிய துடுப்புப் படகு) செய்யத் தொடங்கியது. மரக் கனூவைத் தோளில் சுமந்து அலுத்த ஒரு கிரம்மன் அதிகாரியின் யோசனை அது. ரிவெட் என்றால் பழைய காலத்து வேலை என்று நினைப்பவர்கள் அடுத்த முறை விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையைப் பார்க்கட்டும். மாமா எனக்குச் சொன்ன ஒரே விதி: "சத்தம் மாறேக்க நிப்பாட்டு." வால் நசுங்கும்வரை ஒரு ஓசை, நசுங்கி முடிந்ததும் கட்டையான வேறு ஓசை. முதல் பத்து ரிவெட்டில் எனக்கு அது கேட்கவே இல்லை. பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆக, முழு ரிவெட்; கை போகாத நான்கு இடத்தில் மட்டும் முனை மூடிய பாப் ரிவெட்; வெடித்த தகட்டுக்கு, வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, மேலே ரிவெட் அடித்த ஒட்டுத்தகடு. பசையைப் புது மூட்டின் இடையில் மட்டும் வைத்தோம்.

பின்பலகை

இஞ்சினை மாட்டும் பின்பலகை எங்களுடையதில் கையால் அள்ளும் புட்டாகியிருந்தது. ஒன்றரை அங்குலத் தடிப்பு, முக்கால் அங்குலப் பிளைவுட் இரண்டை ஒட்டியது.

இங்கே பலரும் செய்யும் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்: உளுக்காத மரம் என்று மருந்தேற்றிய பிளைவுட்டைப் போடுவது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். 2003 இறுதியோடு வீட்டு வேலைகளுக்கான ஆர்செனிக் மருந்து மரம் வட அமெரிக்காவில் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதில் செம்பு இன்னும் கூடிய மருந்து வந்ததால் நிலைமை மோசமானது. மரம் உளுக்காது, படகு உளுக்கும்.

மிச்சம் இரண்டு போட்டியாளர்கள். எபோக்சி பூசிய மரைன் பிளைவுட் ஒன்று. கண்ணாடியிழை கலந்த நுரைப்பலகை, 'கூசா' மாதிரி, இன்னொன்று. நுரைப்பலகை ஒருபோதும் அழுகாது, எடையும் குறைவு என்று விற்கிறார்கள். அழுகாதது உண்மை. எடையைக் கணக்குப் போட்டேன்: இந்தச் சிறிய பலகைக்கு பிளைவுட் 11 கிலோ, நுரைப்பலகை 8 அல்லது 9. இரண்டு மூன்று கிலோவுக்காகப் பல மடங்கு விலை. பெரிய படகில் தளம் முழுவதும் போடும்போது அந்தக் கணக்கு மாறலாம். 14 அடிக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. சமையலறை வெட்டுப்பலகை போன்ற பிளாஸ்டிக்கையும் சிலர் சொன்னார்கள். அது வளையும், எதுவும் அதில் ஒட்டாது.

மரம் அழுகுவது பெரும்பாலும் ஆணித்துளை வழியாகத்தான். அதனால் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபோக்சியால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைத்தோம். போல்ட் எபோக்சியைத்தான் தொடுகிறது, மரத்தை அல்ல. நாலு போல்ட்டைக் கழற்றினால் பலகை வெளியே வரும்.

மிதவை நுரைக்கும் பெயின்ட்டுக்கும் அதிக வாதமில்லை. இருக்கைக்குள் இருந்த பழைய நுரை தண்ணீர் குடித்திருந்தது. தூக்கிப் பார்த்தாலே கை சொல்லும். ஊற்றினால் பொங்கி நிரம்பும் பாலியூரித்தேன் ஓட்டையை மறைத்துவிடும், பிறகு எடுக்கவும் முடியாது. எனவே வெட்டிச் செருகும் பாலிஸ்டைரீன் பலகை. அதற்கு ஒரு எதிரி பெற்றோல். பட்டால் கரையும், எரிபொருள் தாங்கியைத் தள்ளி வைக்க வேண்டும். அடிப்பக்கத்துக்குச் செம்பு கலந்த பாசித்தடுப்பு பெயின்ட் கூடாது, காரணம் மேலே சொன்னதே. இரும்புக் கம்பித் தூரிகையாலும் தேய்க்காதீர்கள், துகள் தங்கித் துருப்பிடிக்கும்.

இஞ்சின்

இதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் முடிவில்லை. அப்பாவுடையது எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த எவின்ரூட் 9.9 குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக் (பிஸ்டனின் இரண்டு அசைவில் ஒரு சுற்று முடிக்கும் வகை). ஏன் 10 அல்ல, 9.9? பல ஏரிகளில் 10க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்ற விதி. அதன் கீழே நுழையச் செய்த இஞ்சின் அது. கனடாவில் இன்றும் 10 குதிரைத்திறனுக்குக் குறைந்தால் இந்த அளவுப் படகுக்கு உரிம எண் வேண்டாம். ஆனால் ஓட்டுபவருக்குத் தகுதி அட்டை வேண்டும், மின் மோட்டார் என்றாலும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக்கின் பலம் எடை: 33 கிலோ. இஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் உள்சக்கரம், கார்புரேட்டர் சுத்தம், புது எரிபொருள் குழாய். இவ்வளவில் எங்களுடையது இரண்டாம் இழுப்பில் பேசியது. குழாயை மாற்றுவது கட்டாயம், எத்தனால் கலந்த பெற்றோல் பழைய ரப்பரை இளக்கிவிடும். பலவீனம், கார்புரேட்டர் வைத்த இந்த வகை குடிக்கும் எரிபொருளில் கால் பங்குவரை எரியாமலே தண்ணீருக்குள் துப்புவது. கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரியில் இதை 1999இலேயே தடுத்துவிட்டார்கள். எவின்ரூட் தயாரிப்பே 2020இல் நின்றுபோனது.

புது நான்கு ஸ்ட்ரோக் சுத்தம், சத்தம் குறைவு. எடை பெரும்பாலும் 40 கிலோவைச் சுற்றி, சிலது 47. 14 அடிப் படகின் பின்னால் பத்துக் கிலோ கூடினால் அணியம் தூக்குவது தெரியும். தம்பி இந்தப் பக்கம்.

மின் மோட்டாரை நான் ஆசையோடு பார்த்தேன், கணக்குத்தான் இடித்தது. 9.9 குதிரைத்திறன் என்றால் 7.4 கிலோவாட். முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட 7.4 கிலோவாட்-மணி, லித்தியம் பேட்டரியில் அது 60, 70 கிலோ. அதே சக்தி ஒரு லீட்டர் பெற்றோலுக்குள் இருக்கிறது, இஞ்சின் முக்கால்வாசியை வீணாக்கினாலும் நாலைந்து லீட்டருக்குள் காரியம் முடியும். கரையோரம் மெதுவாகப் போய் மீன் பிடிப்பவருக்குச் சிறிய மின் மோட்டார் அருமை. ரைஸ் ஏரியோ 30 கிலோமீட்டர் நீளம், ஆழம் குறைவு, மேற்குக் காற்று எழும்பினால் பத்து நிமிடத்தில் அலை கட்டிவிடும். அந்த அலைக்கு முகம் கொடுத்துக் கரை சேர வேண்டிய நேரத்தில் பேட்டரி மானியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

இப்போதைக்கு அப்பாவின் எவின்ரூட்டே புதுப் பலகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் இறக்கினோம். மூன்று மணி நேரத்தில் உள்ளே வந்தது ஒரு குவளைத் தண்ணீர். கரையேற்றி, வடிகாலைத் திறந்து, கீழே படுத்துப் பார்த்தேன்: இடப்பக்கம் இரண்டு ரிவெட், பக்கத்துப் பக்கத்தில். வட்டமிட்டு வைத்திருக்கிறேன். தம்பி இரும்புக் கட்டி பிடிக்க வரும் சனிக்கிழமை வருகிறான்.