இறுகிக் கட்டிதட்டும் மேட்டுப் பாத்தி மண்: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

புதிதாக நிரப்பிய மேட்டுப் பாத்தியில் பொலபொலவென்று இருக்கும் மண், சில பருவங்கள் கழிந்ததும் காய்ந்தால் கட்டியாகவும் நனைந்தால் சேறாகவும் மாறுவதற்குக் காரணம், கலவையிலிருந்த மட்கு சிதைந்து குறைய, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள்களும் அவற்றைவிடச் சற்றுப் பெரிய வண்டல் துகள்களும் மிஞ்சி நெருங்கிவிடுவதுதான். பாத்தியின் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு தாழ்வதும் பெரும்பாலும் இதனால்தான்.

என் பாத்தியில் நிலையான பயன் தந்தது நன்கு மட்கிய தொழு உரமே. ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் அதை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கனத்தில் மேலே பரப்பி, காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டு வந்தேன். அதைக் கீழே கொண்டு செல்லும் வேலையை மண்புழுக்கள் பார்த்துக்கொண்டன; நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் துகள்களைச் சிறு மணிகளாகச் சேர்ப்பதால் இடையே காற்றுக்கும் நீருக்கும் வழி உண்டாகிறது. முதல் பருவத்தில் மேல்மண் மட்டுமே இளகியது என்பதால், உடனடி மாற்றத்தை எதிர்பார்ப்பவருக்கு இது சலிப்பூட்டும். மூடாக்கின் பங்கை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன்: நீர்த்துளிகள் நேராக விழுந்து மேற்பரப்பில் ஓடு கட்டுவது அதனால் நின்றுபோனது.

தென்னைநார்க் கழிவு ஈரத்தை நன்றாகப் பிடித்துவைத்தாலும், உப்பு நீங்க அலசியதையே இட வேண்டும். ஊட்டம் தருவதில் அது தொழு உரத்துக்கு ஈடாகாது. ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட் கனிமம் சோடியம் மிகுந்த மண்ணுக்குரியது. அத்தகையதல்லாத என் மண்ணில், ஒரு மூலையில் இட்டுப் பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை. களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ள, மண் செங்கல்லைப் போல இறுகும்.

எதை இட்டாலும், கிளறும் நேரத்து ஈரம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. கைப்பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் ஒட்டினால் அன்று கொத்தக் கூடாது. ஈரமண்ணைக் கிளறினால் உண்டாகும் கட்டிகள் காய்ந்தபின் எளிதில் உடைவதில்லை.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. வெயிற்காலத்தில் மண் சுருங்கிப் பாத்தியைச் சுற்றி அடைத்த பலகையை விட்டு விலகுவதால், பாய்ச்சும் நீர் அந்த இடுக்கு வழியே வீணாக இறங்கிவிடுகிறது. முதலில் சிறிதளவு தெளித்து, மண் ஊறிய பின் மீதியை மெதுவாக விடுவது இதற்கு ஓரளவு கைகொடுக்கிறது.