டிசியூ மாற்றிய ஏஎம்டி கார்: இரண்டு கோடை ஓட்டிய பிறகு

கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் என்னுடைய ஏஎம்டி ஹேட்ச்பேக்கில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை, அதாவது டிசியூவை மாற்றி இரண்டு கோடை ஓடிவிட்டது. அதற்குப் பிறகு முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். கார் எந்த கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. ஹைட்ராலிக்கில் வேலை செய்யும் ஏஎம்டி வைத்திருக்கும் யாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

2014இல் மாருதி செலெரியோ வந்த பிறகுதான் ஏஎம்டி நம் சாலைகளில் பரவியது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச் பிளேட். நம் இடது காலும் இடது கையும் செய்ய வேண்டிய வேலையை ஹைட்ராலிக் எண்ணெய் செய்கிறது. டிரைவர் கதவைத் திறந்ததும் பானெட்டுக்குள் 'விர்ர்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அந்த எண்ணெயை அழுத்தத்துக்குக் கொண்டுவரும் பம்ப். எந்த வால்வை எப்போது திறப்பது, கிளட்சை எவ்வளவு விடுவது என்பதை முடிவு செய்வது டிசியூ. அது போனால், நல்ல கியர்பாக்ஸ் இருந்தும் வண்டி நகராது.

எனக்குப் பிரச்சினை வெயிலில்தான் வந்தது. மே மாத மதியம், சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது திரையில் நியூட்ரலைக் குறிக்கும் 'என்' எழுத்து மின்ன ஆரம்பிக்கும். லீவரை எங்கே தள்ளினாலும் கியர் விழாது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். காலையில் ஒரு தொந்தரவும் இருக்காது. போகப் போக, சூட்டில் ஸ்டார்ட் ஆவதும் நின்றது. பிரேக்கை மிதித்திருக்கிறோம், வண்டி நியூட்ரலில் இருக்கிறது என்பதை டிசியூ உறுதி செய்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அந்த அனுமதி வரவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏஎம்டியில் 'பி', அதாவது பார்க்கிங் நிலை கிடையாது என்பதால் கியரில் போட்டுத்தான் நிறுத்துகிறோம். அந்த நிலையில் டிசியூ செத்துவிட்டால் வண்டி கியரிலேயே பூட்டிக்கொள்ளும், தள்ளக்கூட முடியாது. ரெக்கவரிக்குப் போன் செய்யும்போதே இதைச் சொல்லி, முன்சக்கரங்களைத் தூக்கும் வண்டியோ முழுக்க ஏற்றிச் செல்லும் வண்டியோ வரச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். யூ0101 என்று ஒரு பழுதுக் குறியீடு, அதாவது எர்ரர் கோடு வந்தது. கையோடு புது டிசியூவுக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். வயரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோடு சொல்வது 'டிசியூவோடு தொடர்பு அறுந்துவிட்டது' என்பதை மட்டும்தான். டிசியூ கெட்டிருக்கலாம், அதற்குக் கரண்டு போகாமலும் இருக்கலாம், நடுவில் வயர் அறுந்தும் இருக்கலாம். அதனால் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். "பெட்டிய மாத்துறது எப்ப வேணா மாத்திக்கலாம் சார், மொதல்ல அதுக்கு சாப்பாடு ஒழுங்கா போகுதான்னு பாப்போம்" என்றார்.

பேட்டரியில் ஆரம்பித்தார். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் ரொம்பக் கீழே இறங்கினால் எல்லா கம்ப்யூட்டரும் பொய்க் கோடு காட்டும் என்பதால் அதுதான் முதல் சோதனை. அப்புறம் டிசியூவின் ஃபியூஸ், ரிலே, எர்த். எர்த் போல்ட்டில் கொஞ்சம் பச்சை பூத்திருந்தது. தேய்த்து முறுக்கியும் பிரச்சினை போகவில்லை. பிறகு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் 14ஆம் பின்களுக்கு இடையே மீட்டர் வைத்தார். 60 ஓம் காட்டியது. வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைனின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கு 120 ஓம் இணையாக இருப்பதால், லைன் நன்றாக இருந்தால் 60தான் வர வேண்டும். கனெக்டர் பின்களில் தண்ணீரோ துருவோ இல்லை. கடைசியில் பேட்டரி வயரை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ஹாட் ஏர் கன்னால் டிசியூவை மட்டும் மெல்லச் சூடாக்கினார். திரையில் 'என்' மின்னியது. கனெக்டரில் கரண்டும் எர்த்தும் அப்போதும் சரியாகவே இருந்தன. கோளாறு பெட்டிக்குள்தான் என்பது அப்போதுதான் நிச்சயமானது. உள்ளே சால்டர், அதாவது ஈயப் பற்று விட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும்: சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும்.

பழைய பெட்டியைத் திறந்து ரிப்பேர் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மே மாதம் தாங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை, அதனால் வேண்டாம் என்றேன். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தது. ஆனால் அதற்குள் வேறு வண்டியின் கிளட்ச் அளவுகளும் விவரங்களும் இருக்கும். அவற்றை அழித்து நம் வண்டிக்கு மாற்ற முடியாவிட்டால் அந்தப் பணமும் வீண். புதிதாகவே வாங்கினேன். வேலைக்கூலியும் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டது. வலிக்கும் தொகைதான்.

கழற்றி மாட்டுவது சின்ன வேலை. பேட்டரி டெர்மினலைக் கழற்று, கனெக்டரை எடு, போல்ட்டைக் கழற்று, அவ்வளவுதான். உண்மையான வேலை அதற்குப் பிறகு வரும் லேர்னிங். புதுப் பெட்டிக்கு முதலில் சேஸிஸ் நம்பரும் மாடல் விவரமும் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு கியரும் எந்த இடத்தில் விழுகிறது என்று அது தானே தள்ளிப் பார்த்துக் குறித்துக்கொள்ளும். கடைசியாக, கிளட்ச் பிளேட் எந்தப் புள்ளியில் பிடிக்க ஆரம்பிக்கிறது என்பதைக் கற்க வேண்டும். மேனுவல் ஓட்டுபவர்களுக்குப் புது வண்டியில் ஏறியதும் கால் தேடும் அதே புள்ளி. இது நடக்கும்போது பேட்டரி இறங்கினால் எல்லாம் கெட்டுவிடும் என்று எலக்ட்ரீஷியன் கடைசிவரை சார்ஜர் மாட்டியே வைத்திருந்தார்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது லேசாக இடித்தது. ரிவர்ஸில் ஏற்றத்தில் எடுக்கும்போது கொஞ்சம் துள்ளியது. பிடிக்கும் புள்ளியை மறுபடி லேர்னிங் செய்ததும் இரண்டும் அடங்கின. இன்றுவரை திரும்பி வரவில்லை. "டிசியூ மாற்றியும் இடிக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, லேர்னிங் முழுதாகச் செய்தார்களா என்பதைத்தான். கம்ப்யூட்டரைத் திட்டி இன்னொரு பெட்டி வாங்கிவிடாதீர்கள்.

மைலேஜ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கியர் மாறும்போது வரும் அந்தச் சின்ன இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. அது ஏஎம்டியின் இயல்பு, எந்தப் பெட்டியாலும் போகாது. மே வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியிருக்கிறேன். மேனுவல் மோடில் வைத்து, நிற்கும் இடத்தில் ஆக்ஸிலரேட்டரால் தாங்காமல் பிரேக்கில் நிறுத்தி ஏறினால் கிளட்ச் வாசனையே வருவதில்லை. பழைய பெட்டி இருந்தபோது அடிவாரத்தைத் தாண்டவே தைரியம் வராது.

ஒவ்வொரு சர்வீஸிலும் எர்த் போல்ட்டையும் ஹைட்ராலிக் எண்ணெய் அளவையும் பார்க்கச் சொல்கிறேன். பேட்டரி சுத்தமாகச் சாகும்வரை காத்திருப்பதில்லை, கொஞ்சம் தளர்ந்ததும் மாற்றிவிடுகிறேன். கிளட்ச் பிளேட் இன்னும் பழையதுதான், தேய்மானம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்த வருடம் அதை மாற்ற வேண்டி வரும். மாற்றினால் லேர்னிங்கையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதனால் அந்த வேலையையும் அதே எலக்ட்ரீஷியனும் மெக்கானிக்கும் சேர்ந்து செய்வதாகப் பேசி வைத்திருக்கிறேன்.