மரத்துக்குத் தீக்காப்பு: பூசுவதா, ஊட்டுவதா?

ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடம் என்றால் கேள்வியே இல்லை, சூட்டில் உப்பி விரியும் பெயின்ட்தான். சுமார் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது பல மடங்கு உப்பி, கரிநுரையாகி, மரத்துக்குப் போர்வை போடும். ஆனால் காப்பது நிறமல்ல, பூச்சின் தடிமன். தயாரிப்பாளர் சொன்ன ஈரப்படல அளவு (காயுமுன் பூச்சின் தடிமன்) வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பூச்சிலும் சீப்பு அளவியை, அதாவது தடிமனைக் காட்டும் பல்வைத்த சிறு தகட்டை, குத்திப் பாருங்கள்; பெயின்டை மிச்சம்பிடித்து இழுத்துப் பூசினால் நுரை போதாது. பழைய வார்னிஷைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்தால், சூட்டில் அடிப்படலம் இளகி, நுரை பாளமாகக் கழன்று விழும். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

புது மரமா? மரத்திலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, தீயைத் தடுக்கும் பாஸ்பேட் அல்லது போரேட் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே ஊட்டிய பலகையே சிறந்தது. சிறு கீறலுக்கெல்லாம் காப்பு போகாது. இழைத்தாலோ, நீளவாக்கில் அறுத்தாலோ உப்பேறாத உள்மரம் வெளியே வந்துவிடும். ஆகவே அளவுக்கு வெட்டி, துளையிட்ட பிறகே ஊட்ட அனுப்புங்கள். இந்த உப்புகளில் சாதாரண வகை மழையில் கரைந்தோடும், வெளிச்சுவருக்குக் கரையாத வகை வேண்டும். ஈரக்காற்றில் உப்பு நீர்கோத்து இரும்பு ஆணியை அரிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு ஆணியே போடுங்கள். மரத்தின் வலுவும் சற்றுக் குறையும். உத்திரத்துக்கான கணக்கில் அதையும் சேருங்கள்.