பழைய லைட் மீட்டர் வாங்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 32,500 ரூபா நட்டம்

லைட் மீட்டர் என்பது ஒளியை அளந்து, கமராவில் என்ன அளவு வைக்கவேண்டும் என்று சொல்லும் சிறு கருவி. இன்று மாலைதான் அதை எனக்கு விற்ற கடைக்காரர் கடைசியாகக் கையை விரித்தார். ஆறிய பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் இன்னொருவர் இதற்குள் போய் ஏமாந்துவிடுவார். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கொழும்பில் பாவித்த கமராக்களும் லென்ஸ்களும் விற்கும் ஒரு கடை. முகநூலில் பக்கம் இருக்கிறது, அழகழகாகப் படங்கள் போடுகிறார்கள். பெயரை எழுதப்போவதில்லை. அங்கே 32,500 ரூபா கொடுத்து ஒரு செகோனிக் எல்-398 லைட் மீட்டர் வாங்கினேன். செகோனிக் நிறுவனத்தில் ஒரு குறையும் இல்லை. எல்-398 பேர்போன மீட்டர். பட்டரி தேவையில்லை, ஒளியை வாங்கும் வெள்ளைக் குமிழைக் கமராவின் பக்கம் திருப்பிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் முள் எழுந்து நிற்கும். செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறான். விற்றவன்தான் ஏமாற்றினான்.

என்னிடம் இருப்பது பழைய இரட்டை லென்ஸ் பிலிம் கமரா. அதில் மீட்டர் கிடையாது. கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மம்மாவின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் கூடியிருந்தார்கள். அந்தப் படங்களைப் பிலிமில் எடுக்கவேண்டும் என்பது என் ஆசை. வெள்ளைச் சேலையில் அம்மம்மா, கறுப்புக் கோட்டில் சித்தப்பா. இப்படியொரு படத்தில், பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கும் மீட்டர் தடுமாறும். எதைக் காட்டினாலும் அதை 18 சதவீதச் சாம்பலாக, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான நிறமாக நினைத்துக்கொண்டு கணக்குச் சொல்வதுதான் அதன் வேலை. முகத்தின் மீது விழும் ஒளியையே அளக்கும் குமிழ் மீட்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அதைத் தேடினேன்.

கடைக்குள் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கு ஊர் எது?" சொன்னேன். தன் தாயாரும் அந்தப் பக்கம்தான் என்று சொல்லி, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசினார். பையனை அனுப்பி இஞ்சி போட்ட பிளேன்டீ எடுப்பித்தார். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தோல் உறையிலிருந்து மீட்டரை எடுத்தார். கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டேன். ஒளி பட்டதும் மின்சாரம் தந்து முள்ளை அசைக்கும் செலினியம் கலம் உயிரோடு இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். "நானே பாவித்த சாமான், தம்பி. என் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் தருகிறேன்" என்றார். வெளியே இருட்டிவிட்டிருந்ததால், அலுமாரி விளக்கின் கீழ் என்னை நிறுத்தி அளந்தார். மீட்டர் காட்டிய அளவை அப்படியே தன் டிஜிட்டல் கமராவில் போட்டு என்னை ஒரு படம் எடுத்துத் திரையில் காட்டினார். படம் அச்சொட்டாக இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன நிரூபிக்கவேண்டும்? 32,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில், மண்டபத்து ஜன்னலோரம் அம்மம்மாவை இருத்தி, ஒவ்வொருவரையும் அவருக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். சித்தப்பா குடும்பம் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய பிறகுதான் நெகட்டிவ்கள் கழுவி வந்தன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி போல வெளிறிக் கிடந்தன. முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான கறை. ஸ்கேன் செய்தால் பச்சையும் சாம்பலும் கலந்த புள்ளிகள். பிலிமுக்கு ஒளி போதவில்லை. நெகட்டிவ் பிலிம் ஒளி கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. பதியாத நிழலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கமராவின் ஷட்டரில்தான் பழுது என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள் மீட்டரைக் காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோனேன். முகில் இல்லாத வெயிலில், பிலிமின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125 செக்கனுக்கு லென்ஸ் திறப்பு எஃப்/16 அல்லது அதற்குக் கிட்டவாக வரவேண்டும். பிலிம் பெட்டிகளிலேயே அச்சடித்திருந்த பழைய கணக்கு அது. என் மீட்டர் எஃப்/8 என்றது, அதாவது லென்ஸை இன்னும் அகலத் திறக்கச் சொன்னது. வெயிலில் ஒளி இல்லை என்கிறது, வீட்டுக்குள் நிறைய இருக்கிறது என்கிறது! ஒரே மீட்டர் இரண்டு பக்கமும் பொய் சொல்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் வெள்ளவத்தையில் பல காலம் ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவர். மீட்டரை என் கையிலிருந்து வாங்கியதும் குமிழை உள்ளங்கையால் பொத்திப் பொத்தானை அழுத்தினார். முள் பூச்சியத்தில் கிடக்கவேண்டும். அது அளவுகோலில் 10ஐத் தாண்டி நின்றது. பிறகு மீட்டரைத் திருப்பி, பின்புறத்தில் பூச்சியம் சரிசெய்யும் சிறிய திருகாணியைக் காட்டினார். அதன் வெட்டின் இரண்டு ஓரமும் உரசி, பித்தளை புதிதாக மின்னியது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் எல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அந்த ஒரு கோடு மட்டும் பளபளத்தது. கலம் செத்துக்கொண்டிருக்கிறது, வெயிலில் முள் எழும்ப மாட்டேன் என்கிறது. அதை மறைக்க, ஓய்வு நிலையிலேயே முள்ளை மேலே தள்ளி வைத்திருக்கிறார்கள். அப்படித் தள்ளினால் ஏதோ ஒரு வெளிச்சத்தில் மட்டும் கணக்குச் சரியாக வரும். அந்த வெளிச்சம் அவருடைய அலுமாரி விளக்கு. அதைவிடக் குறைந்த ஒளியில் மீட்டர் கூட்டிச் சொல்லும், கூடிய ஒளியில் குறைத்துச் சொல்லும். பழுதான பொருளைத் தெரியாமல் விற்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. திருகாணியை முறுக்கிவிட்டு, பிளேன்டீயும் கொடுத்து விற்றிருக்கிறார்.

பிறகு தொடங்கியது அலைச்சல். முதலில், "பழைய மீட்டர், கை பழக வேண்டும் தம்பி." நெகட்டிவ்களை மேசையில் பரப்பிக் காட்டினால், லேப்காரன் பிழையாகக் கழுவியிருக்கிறான் என்றார். திருகாணியைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. தான் வெறும் பொறுப்பாளர்தான், முதலாளி கண்டியில் இருக்கிறார் என்றார். தானே பாவித்த சாமான் என்று சொன்ன அதே வாய்! வாட்ஸ்அப்பில் அனுப்பியவற்றுக்கு நீலக்குறி மட்டும் விழுந்தது. முகநூல் பக்கத்தில் நாகரிகமாக நான் எழுதிய கருத்தை அழித்தார்கள். இன்று நேரே போனபோது, பற்றுச்சீட்டின் அடியில் 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று அச்சடித்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு பெரிய மனதோடு, வேண்டுமானால் 5,000 ரூபாவுக்குத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். 32,500 ரூபாவுக்கு விற்றதை 5,000 ரூபாவுக்கு! எடுத்து இன்னொரு தம்பியின் ஊரை விசாரித்து விற்பதற்கா? கொடுக்கமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. நாளை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடப் போகிறேன்.

எந்த மீட்டரை எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதுவதாக நண்பர்களுக்குச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு அதற்கு மனமில்லை. அவசரமாகச் சில மட்டும்.

முள் மீட்டர் என்றால் குமிழைப் பொத்தி, முள் பூச்சியத்துக்கு வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பின்பக்கத் திருகாணியில் புதிய கீறல் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பகலில் மட்டும் போங்கள். வெயில், நிழல், அறை என மூன்று இடத்திலும் உங்கள் சொந்த டிஜிட்டல் கமராவோடு ஒப்பிடுங்கள், கடைக்காரரின் கமராவோடு அல்ல. செலினியம் கலம் ஈரத்தில் கெடும். நம்முடைய கடற்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்ததை நம்பவேண்டாம். எல்-398ஏ என்றால் அதில் செலினியம் இல்லை, வேறு வகைக் கலம். கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். கொசன் நிறுவனத்தின் பழைய லூனாசிக்ஸ் 3 மீட்டர் அகப்பட்டால் முதலில் பட்டரியைப் பற்றிக் கேளுங்கள். 1.35 வோல்ட் பாதரச பட்டரிக்குச் செய்தது அது, அந்த பட்டரி இப்போது வருவதில்லை, 1.5 வோல்ட் போட்டால் அளவு பிழைக்கும். ஸ்டூடியோ பிளாஷ் அளக்கவேண்டும் என்றால் எல்-398 போன்ற முள் மீட்டர் உதவாது, செகோனிக்கின் எல்-308 போன்ற டிஜிட்டல் மீட்டர் ஒன்றைப் பாருங்கள். ஒற்றை ஏஏ பட்டரியில் ஓடும். பழுதானால் பணம் திரும்ப வரும் என்பதைப் பற்றுச்சீட்டில் கையால் எழுதி ஒப்பம் வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கே ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.