வால்பாறையில் ஒரு சருகு நடை: யானை கிடையாது, ரயில்பூச்சி உண்டு

வால்பாறைக்குப் போகிறவர்கள் சோலைமந்தி, இருவாச்சி, முடிந்தால் யானை என்று ஒரு பட்டியலோடுதான் மலை ஏறுவார்கள். நாங்கள் தங்கிய வீட்டில் ஒரு தம்பி நடத்தும் நடையில் இது எதுவும் கிடையாது. தலைக்கு 800 ரூபாய். காலை ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொன்று வரை. மொத்தமாக அரைக் கிலோமீட்டர் நடந்தால் பெரிது. மீதி நேரமெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து இலைச்சருகைக் கிளறுவதுதான். "குப்பையைக் கிளற 800 ரூபாயா?" என்று என் வீட்டுக்காரர் ரூமிலேயே படுத்துக்கொண்டார். நான் போனேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருவேன்.

ஒரு தடவைக்கு ஆறு பேர்தான். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டார். வேன் வேனாக ஆள் வந்தால் மிதித்தே சருகெல்லாம் தூளாகிவிடும் என்று பயப்படுகிறார். நியாயம்தான். போகிற இடமும் புலிகள் காப்பகத்துக்குள் இல்லை. சுற்றிலும் தேயிலை, நடுவில் எஸ்டேட்டுக்குச் சொந்தமான ஒரு மழைக்காட்டுத் துண்டு. அனுமதி வாங்குவது அவர் பொறுப்பு.

முதலில் ஒரு குறை. அட்டை ஏறாமல் இருக்க ஒரு காலுறை தருகிறார்கள். எனக்குத் திருப்பூரில் பின்னலாடைத் துணி தரம் பார்க்கிற வேலை. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, அது நிட்டிங் துணி. இழுத்தால் கண் திறக்கும், அட்டை நுழைய அது போதும். இதற்கு நெருக்கமாக நெய்த துணிதான் வேண்டும். சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள்.

மற்றபடி நடை ஆரம்பிக்கிற விதம் எனக்குப் பிடித்தது. ஓரடிக்கு ஓரடி மரச்சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் சருகை ஒவ்வொரு அடுக்காக எடுத்துத் தட்டில் போடுகிறார். மேலே காய்ந்த முழு இலை. அதற்குக் கீழே ஈரமான இலை, ஓட்டை விழுந்து, வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை ஓடியிருந்தது. அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய வலை. அப்புறம் கறுப்புத் துகள், உடனே மண். எல்லாம் சேர்ந்து நாலு விரல் உயரம்கூட இல்லை. "வருஷம் பூரா இலை கொட்டுது. கிடக்கிறது இவ்வளவுதான். மீதி எங்க போச்சுங்க அக்கா?" என்றார். குளிர் நாட்டுக் காடுகளில் சருகு வருஷக்கணக்கில் மட்காமல் மெத்தையாகச் சேரும். இங்கே சூடும் ஈரமும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலான இலைகள் ஒரு வருஷத்துக்குள் காணாமல் போய்விடுகின்றன.

இப்படி இலை காணாமல் போவதற்குக் காரணமானவர்களில் ஒருவர் அடுத்த தட்டில் இருந்தார். நம் ஊரில் மழைக்கு வருகிற ரயில்பூச்சிதான், ஆனால் குட்டையாக, தடியாக. தொட்டதும் சுருண்டு, பெரிய கோலிக்குண்டு போல எவர்சில்வர் தட்டில் உருண்டது. பழுப்பும் கறுப்பும் கலந்த மினுமினுப்பு, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஊசி நுழையாது. பேசாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு விளிம்பு திறந்து மீசை வெளியே வருகிறது. ஆர்த்ரோஸ்பேரா என்ற இனம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது. மங்களூர் பல்கலைக்கழகத்தில் இதை வைத்து உரம் தயாரித்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

முந்தின நாள் ஒன்றை டப்பாவில் இலையோடு போட்டு வைத்திருந்தார். இலை ஓரமெல்லாம் கடிபட்டிருக்க, அடியில் மிளகைவிடச் சின்னதாகக் கறுப்பு உருண்டைகள். அது போட்ட எச்சம். ஒன்றை நசுக்கிக் காட்டினார், உள்ளே வெறும் இலைத்தூள். தின்றதில் கொஞ்சத்தை மட்டும் உடம்பில் சேர்த்துக்கொண்டு மீதியை அப்படியே வெளியே விட்டுவிடுகிறதாம். அப்படியென்றால் அதனால் என்ன லாபம் என்று கூட வந்த ஒருவர் கேட்டார். இலை தூளாகிறது, ஈரம் பிடிக்கிறது, மேல்பரப்பு பல மடங்காகிறது, பாக்டீரியாவும் பூஞ்சையும் வேகமாக உள்ளே இறங்குகின்றன. அதுதான் லாபம்.

தட்டையான ரயில்பூச்சி வந்தபோது மட்டும் "கையை விடாதீங்க" என்று தடுத்தார். அந்த வகையில் பல, சீண்டினால் சயனைடு விடும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள்.

இனி நான் நாலு நட்சத்திரம் போடக் காரணமான இடம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் ஒரே மரத்தின் இலையை ஒரே எடையில் இரண்டு வகைப் பைகளில் கட்டித் தரையில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்று கொசுவலை, இன்னொன்று வெங்காய மூட்டை வலை. கொசுவலைக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும், மிஞ்சிப்போனால் கண்ணுக்குத் தெரியாத சில சில்லறை ஜீவன்களும் போகலாம். ரயில்பூச்சி போக முடியாது. வெங்காய வலையில் எல்லாரும் போகலாம். மழை முடிந்து எங்கள் முன்னால் இரண்டையும் பிரித்தார். கொசுவலைப் பையில் இருந்த வெடிப்பலா இலை கறுத்து, நைந்திருந்தாலும் இலையாகவே இருந்தது. அடிப்பக்கத்துத் துருநிறம்கூடப் போகவில்லை. வெங்காயப் பையில் காம்பும் நடு நரம்பும் ஒரு பிடி கறுப்புத் தூளும்தான்.

எனக்குத் தொழில் புத்தி விடவில்லை. பெரிய கண் வழியாகத் தூள் கீழே கொட்டியிருக்காதா, அதையும் தின்றதாகக் கணக்குப் போடுகிறீர்களா என்று கேட்டேன். நெருக்கமான வலைக்குள் ஈரமும் வேறு மாதிரி நிற்கும். தம்பி மழுப்பவில்லை. "அந்தச் சந்தேகம் எல்லாருக்கும் இருக்குதுங்க. அதனாலதான் சில பேரு வலையை மாத்தாம அந்துருண்டை போட்டுப் பார்த்தாங்க" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன், சரிதான். 1999இல் வந்த ஆய்வு. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு காடு, போர்ட்டோ ரிக்கோவில் ஒன்று, கோஸ்டா ரிக்காவில் ஒன்று. மூன்று இடத்திலும் ஒரே வகை ஓக் மரத்தின் இலை. பாதிப் பைகளில் அந்துருண்டைச் சரக்கான நாப்தலீனைப் போட்டுச் சின்னப் பூச்சிகளை விரட்டிவிட்டார்கள். வட கரோலினாவில் பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. வெப்பமண்டலக் காடுகள் இரண்டிலும் பூச்சி இருந்த பையில் இலை வேகமாகக் கரைந்தது. இலை ஒன்றே என்பதால், இடம்தான் வித்தியாசம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பைகளைப் பருத்தி நூலில் தைத்திருக்கிறார். வலை நைலான், அப்படியே இருக்கிறது, தையல் போன இடமே தெரியவில்லை. பருத்தி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், இலையிலும் இருக்கிற அதே நார்ப்பொருள். இலையைத் தின்கிற கூட்டம் அதை விடுமா? பாலியஸ்டர் நூல் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் புனலைக் காட்டுகிறார். ராத்திரி ஒரு சல்லடைச் சருகைப் பெரிய புனலில் வைத்து மேலே குண்டு பல்பு எரிய விட்டால், சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து எல்லாம் கீழே இறங்கிப் புட்டியில் விழும். 1905இல் இத்தாலிக்காரர் பெர்லேசே வெந்நீர் வைத்துச் செய்ததை, சுவீடன்காரர் துல்கிரன் பல்புக்கு மாற்றினார். இங்கே தரும் லென்ஸில் ஒரே கீறல். நல்லவேளையாகத் துணியில் இழை எண்ணுகிற கவுண்டிங் கிளாஸ் எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். அதில் பார்த்தால், வெறும் தூசி என்று நினைத்ததற்குக் கால் இருந்தது. வயிற்றுக்குக் கீழே மடித்து வைத்த வாலைத் தட்டி எகிறுகிற ஸ்பிரிங்டெயில். பழுப்பு ஓட்டுக்குள் ஒடுங்கி மெதுவாக நகர்கிற சிலந்திப்பேன் வகை. அவற்றைப் பிடித்துத் தின்ன இரண்டு இடுக்கிக் கைகளோடு வால் இல்லாத பொய்த்தேள். கூட வந்த சின்னப் பெண் கிளாஸைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டாள்.

ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன்? கரையானை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். வெப்பமண்டலக் காட்டில் அது சின்ன ஆள் இல்லை. மலேசியாவின் சபா மாநிலத்தில் மலியாவ் பேசின் மழைக்காட்டில் ஆராய்ச்சியாளர்கள் சில இடங்களில் கரையானைக் குறைத்து, டாய்லெட் பேப்பர் உருளையைத் தூண்டிலாக வைத்து எண்ணிக்கை பார்த்திருக்கிறார்கள். 2015-16 வறட்சியில், கரையானை விட்டுவைத்த இடத்தில் அது இரண்டு மடங்குக்கு மேல் பெருகி, சருகு மட்குவதையும் மண் ஈரத்தையும் தாங்கிப் பிடித்தது. புற்றுக்குள்ளே பூஞ்சை வளர்த்து அதன் மூலம் மக்க வைக்கிற கரையான் நம் ஊரிலும் உண்டு, மழைக்கு நாம் பறிக்கிற புற்றுக்காளான் அந்தப் பூஞ்சைதான். இதைச் சொல்லாமல் விடலாமா? பொதுவாகவே பூஞ்சைக்கு அவர் கொடுக்கிற இடம் குறைவு. தம்பி பேச்சை மட்டும் கேட்டால் எல்லா வேலையும் பூச்சியே செய்கிறது என்று நினைத்துவிடுவோம். அது நறுக்கிக் கொடுக்கிறது, கரைப்பதில் பெரும்பங்கு பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும்.

போகிற மாதம் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் சருகு மொறுமொறுவென்று காய்ந்து, பாதி ஜீவன்கள் மண்ணுக்குள் இறங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த அக்டோபர், நவம்பர் நல்லது. முட்டி வலிக்காரர்கள் கேட்டால் உட்கார ஒரு மனை தருவார். நடுவில் தருகிற டீ, தேயிலைக்கு நடுவே இருந்துகொண்டு இப்படியா போடுவார்கள் என்று இருந்தது. அங்கே சிக்னல் வராது, ஜிபே ஆகாது, ரொக்கமாக எடுத்துப் போங்கள்.