நெடுந்தீவுப் பயணத்துக்கு முற்பணம் கட்டாதேங்கோ

யாழ்ப்பாணத்துக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெடுந்தீவுக்கு எல்லாம் ஒழுங்குபண்ணித் தருகிறோம், படகு, வாகனம், நண்டுக்கறியோடு சாப்பாடு என்று யாராவது நீங்கள் தங்கியிருக்கிற இடத்துக்கே வந்து கதைத்தால் ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்க வேண்டாம். கடந்த பங்குனியில் நாங்கள் கொடுத்தோம். எங்களோடு வந்த இன்னொரு சோடியும் கொடுத்தது. அவர்களைக் கொடுக்க வைத்தது நான். அதனால்தான் இவ்வளவு நீட்டாக எழுதுகிறேன்.

என் கணவர் 9 வருடமாக ஒரு மோட்டார் சைக்கிள் கழகத்தில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை எல்லா மாவட்டத்து ஆட்களும் ஏதாவது ஓர் ஊரில் கூடுவார்கள். இந்த முறை யாழ்ப்பாணம் என்று முடிவானதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் பிறந்தது கொக்குவில். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து சனத்தோடு சனமாக நடந்து வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு செத்தவீடு, கலியாணவீடு என்று வந்துபோனதோடு சரி, ஊரை ஆற அமரப் பார்த்ததில்லை. இவர் திருகோணமலை. இப்போது இருப்பது வத்தளையில். கூட்டம் சனிக்கிழமை மட்டும்தான். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் எங்களுக்கு என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளி விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டு, மதவாச்சியில் மன்னார் பக்கம் திரும்பி ஏ-32 வீதியால் வந்தோம். சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த பிறகு இவருடைய ஆட்களுக்கு அந்தப் பாதைதான் பிடித்தம். பூநகரி தாண்டிப் பாலத்தில் ஏறினபோது இரண்டு பக்கமும் கடல் வெளித்துக் கிடந்தது. "உம்மட ஊர் வந்திட்டுது" என்று இவர் ஹெல்மெட்டுக்குள்ளால் கத்தினது எனக்கு இப்பவும் காதுக்குள் கிடக்கிறது.

நல்லூரடியில் ஒரு விடுதியில் எங்கள் ஆட்கள் 12 பேர் தங்கினோம். அன்று பின்னேரம் முற்றத்தில் இவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தபோது அந்தப் பெடியன் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் வடிவாகத் திருநீறு. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள்: நெடுந்தீவுக் குதிரைகள், பெருக்கமரம் (பாவோபாப்), கல்வேலி. "அக்கா எவடம்?" என்று கேட்டான். கொக்குவில் என்றேன். "அட, எங்கட ஆக்கள்" என்றான். அதோடு நான் விழுந்துவிட்டேன்.

அவன் சொன்ன பொய் மிகச் சின்னது. "ஞாயிற்றுக்கிழமையில ஊர்ப்படகு ஓடாது அக்கா. தனிப்படகுதான். எங்கட படகில நாலு இடம் மட்டும் கிடக்கு." ஒரு சோடிக்கு 32,000 ரூபா. போக வரப் படகு, தீவில் வாகனம், மத்தியானச் சாப்பாடு, படகு ஏறுகிற குறிகட்டுவானில் மோட்டார் சைக்கிளுக்குக் காவல், எல்லாம் அதற்குள் அடக்கம். முற்பணம் 20,000, மிச்சம் இறங்குதுறையில்.

அப்போது எங்களோடு குருநாகலில் இருந்து வந்த சோடி ஒன்று நின்றது. கலியாணம் முடித்து ஒரு வருடம்தான். யாழ்ப்பாணத்துக்கு முதல்தரம் வந்தவர்கள். அந்தப் பிள்ளை என்னை "அக்கே, அக்கே" என்றுதான் கூப்பிடும். அவன் என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டது. அவன் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, "பயப்பட ஒன்றும் இல்லை, இது என் ஊர்" என்று நானாக ஒரு வசனம் சேர்த்தேன். அவர்கள் தொலைபேசியை எடுத்து அந்த நிமிடமே காசை அனுப்பினார்கள்.

வங்கிக் கணக்கில் இருந்த பெயர் அவன் சொன்ன பெயர் இல்லை. இவர் அதைக் கவனித்துக் கேட்டார். "அது அம்மான்ர கணக்கு அண்ணை" என்றான். பற்றுச்சீட்டும் தந்தான். பில் புத்தகத்தில் கிழித்த அரைத்தாள், மேலே ஊதா மையில் ஒரு முத்திரை. முத்திரையில் உள்ள பெயர் மை ஊறி வாசிக்க ஏலாது. தொலைபேசி இலக்கத்தின் கடைசி எண்ணை மட்டும் பேனாவால் திருத்தி எழுதியிருந்தது. இதெல்லாம் அன்றைக்கே என் கண்ணில் பட்டது. பட்டும் பேசாமல் இருந்தேன். எங்கள் ஆள் ஒருவனைச் சந்தேகிப்பதைச் சிங்களச் சோடிக்கு முன்னால் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை நல்லபடி போனது. முற்றவெளியில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக விட்டு, பின்னால் கோட்டை தெரியப் படம் எடுத்தார்கள். ஊர் ஐயா ஒருவர் தன்னுடைய பழைய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வரிசையில் விட்டார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது காபரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கதையைச் சொன்னார். என் அப்பாவும் அப்படித்தான் ஓடினவர். அந்தப் புகை மணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை பண்ணையில் இரண்டாயிரம் ரூபாவுக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போனோம். இறங்குதுறையில் ஒரு படகில் அரிசி மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். ஆட்களும் ஏறிக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பெடியனைக் காணவில்லை. தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை. கொஞ்சத்தால் வேறொருவன் வந்து, தான் அவனுடைய மச்சான் என்று சொல்லி மிச்சக் காசைக் கேட்டான். சோடிக்குப் பன்னிரண்டாயிரம், கையிலேயே கொடுத்தோம். அந்தப் படகு எங்கே போகிறது என்று இவர் கேட்டதற்கு, "அது சாமான் படகு அண்ணை, ஊர் ஆக்கள் மட்டும்தான் போகலாம்" என்றான். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே அது வெளிக்கிட்டுப் போனது.

பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். கடைசியில் வந்து, "கடல் கொதிக்குதாம், நெடுந்தீவுப் பக்கம் விடமாட்டினம். நயினாதீவு போட்டு வாங்கோ" என்று எங்களை ஒரு படகில் ஏற்றினான். பங்குனிக் கடல் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. சோளகக் காற்றுப் பெயர்ந்த ஆடி மாதம் என்றால் அவன் சொன்னதை நம்பலாம். எனக்கு அப்போதுதான் வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

அது யாரும் போகிற சாதாரணப் படகு. இருபது நிமிடப் பயணம். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர், எங்கள் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளை, காலமை மூட்டை ஏத்தினதுதான் நெடுந்தீவுப் படகு. ஞாயிறும் ஓடுறதுதான். ஆர் ஓடாதெண்டு சொன்னது?"

இதை நான் திரும்பச் சிங்களத்தில் சொல்ல வேண்டி இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்ன வசனம் வேறு இல்லை. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, "பரவாயில்லை அக்கே" என்றது. அதைவிட ஏசியிருக்கலாம். அம்மனைக் கும்பிட்டோம். அவர்கள் நாகதீப விகாரைக்குப் போய்வந்தார்கள். நண்டுக்கறிக்குக் காசு கட்டின நாலு பேரும் மத்தியானம் கோயில் அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டோம். யார் எவர் என்று கேளாமல் சோறு போட்டார்கள்.

திரும்பி வந்தபோது எங்கள் மோட்டார் சைக்கிள் நிழலில் விட்ட இடத்தில் இல்லை. கடலோரமாகத் தள்ளி விட்டிருந்தது. காவல்காரன் என்று ஒருவரும் இல்லை. இவருடையது பழைய ஹொண்டா பஜா 250. வெளிக்கிட்டு வாணர் தாம்போதியில் பாதித் தூரம் வந்ததும் இருமி இருமி நின்றுவிட்டது. பெற்றோல் திருகை ரிசேர்வில் திருப்பினார், ஒன்றும் வரவில்லை. குனிந்து பார்த்தால் பெற்றோல் குழாயின் கிளிப் கீழே சறுக்கிக் கிடந்தது, குழாய் அரைகுறையாக மாட்டியிருந்தது. காலையில்தான் இரண்டாயிரத்துக்கு அடித்தோம். யார் எடுத்தார்கள் என்று சத்தியம் பண்ண என்னால் ஏலாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெறும் வீதி, நெருப்பு வெயில். வேலணைப் பக்கம் போன ஒரு தம்பி நிறுத்தினார். தன்னுடைய மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே எங்கள் பின் கால்மிதியில் ஒரு காலை ஊன்றி வேலணை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் குருநாகல் தம்பியின் நண்பர் ஒருவர் வந்து ஏற்றினார். காசு நீட்டினதற்கு, தள்ளிக்கொண்டு வந்த அந்தத் தம்பி, "என்னண்ணை நீங்கள்" என்றுவிட்டுப் போய்விட்டார்.

பின்னேரம் பொலிசில் முறைப்பாடு பதிந்தோம். கணக்கு இலக்கம், பற்றுச்சீட்டு, அனுப்பின காசின் பதிவு எல்லாம் கேட்டார்கள், கொடுத்தோம். அதற்கு முன்னம் ஒருதரம் அவன் தொலைபேசியை எடுத்தான். "கடல் எங்கட கையிலயே அக்கா இருக்கு? தீவு காட்டினதுதானே?" என்றான். அதன் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. இந்தப் பதிவு எழுதுகிற நாள்வரை ஒரு சதமும் திரும்பி வரவில்லை. குருநாகல் சோடியின் காசை நான் தருகிறேன் என்று சொன்னேன். வாங்க மறுத்துவிட்டார்கள்.

அன்றிரவு எனக்கு உடனே வத்தளைக்குத் திரும்ப வேண்டும்போல் இருந்தது. இவர்தான், "நீர் பிறந்த ஊரை இப்பிடி விட்டிட்டுப் போகேலாது. நாளைக்குத் திரும்பப் போவம்" என்றார். திங்கள் காலை நாலு பேரும் போனோம். மோட்டார் சைக்கிளை இறங்குதுறையடியில் கடை வைத்திருக்கிற ஐயா ஒருவரிடம் கேட்டு, அவர் கண்முன்னால் விட்டோம். அதே படகு, அதே இடம். வரிசையில் நின்று ஏறினோம். ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு மாவலித்துறை. மூட்டைகளுக்கு நடுவில் ஆசிரியர்கள் கொப்பி திருத்திக்கொண்டு வந்தார்கள். இறங்கினதும் ஒரு பிக்கப் காரரிடம் விலை பேசினோம். எங்கெங்கே காட்டுவார், எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார் என்று முதலே சொல்லி, நாலு பேருக்கும் சேர்த்து 7,000 ரூபா என்றார். முடிந்த பிறகுதான் காசு வாங்கினார்.

அந்தக் கல்வேலிகளை நீங்கள் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பவளப்பாறைக் கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கையை வைத்தால் கல்லுக்குள் சிப்பியும் பூப்போன்ற வரிகளும் விரலில் தட்டுப்படும். கல்லுக்கு இடையால் காற்று போகிற சத்தம் கேட்கும். வெளியில் மட்டக்குதிரைகள் கூட்டமாக நின்றன. பறங்கியர் காலத்தில் கொண்டுவந்ததன் வழி என்று சொல்கிறார்கள். குட்டி ஒன்று தாயின் நிழலுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து மேய்ந்தது. பெருக்கமரத்தின் பொந்துக்குள் நாலு பேரும் நின்று படம் எடுத்தோம். அந்தப் பிள்ளை சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போகிறவர்கள் கேட்கிற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு 776 இலக்கப் பஸ் போகிறது. படகு நேரத்தை முதல்நாளே அந்தப் பஸ் நடத்துனரிடமோ இறங்குதுறையிலோ கேளுங்கோ. விடுதிக்கு வருகிறவனிடம் கேட்காதேங்கோ. நயினாதீவுக்கு அடிக்கடி படகு இருக்கும், நெடுந்தீவுக்கு அப்படி இல்லை. காலைப் படகை விட்டால் நாள் போய்விடும், பின்னேரம் கடைசிப் படகை விட்டால் இரவு தீவில்தான். படகுக் காசு சில்லறைக் காசுதான், படகிலேயே கொடுக்கலாம். கணக்குப் பெயரும் ஆளின் பெயரும் வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கோ. பழைய மோட்டார் சைக்கிள் என்றால் பெற்றோல் திருகையைப் பூட்டிவிட்டுப் போவதில் பயனில்லை, குழாயைக் கழற்றினால் திருகை அவர்கள் கையில். ஆட்கள் நிற்கிற கடையடியில் விடுங்கோ. ஏமாந்தால் பொலிஸ் 119, பாவனையாளர் முறைப்பாட்டுக்கு 1977.

பற்றுச்சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஊதா முத்திரை, கடைசி எண் திருத்தின இலக்கம். இதே மாதிரிச் சீட்டு உங்களில் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கோ. முறைப்பாட்டு இலக்கம் தருகிறேன், எல்லாரும் சேர்ந்து போவோம். குருநாகல் சோடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.