16,800 டாலருக்கு ‘எஸ்எஸ்’ என்று விற்ற சாதாரண கமாரோ – பழைய கார் தேடுபவர்களே, உஷார்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் கொஞ்சம் மரியாதை வந்துவிடும், அந்த ஆளுக்கு அது வேண்டாம். 1996 செவர்லே கமாரோ காரின் உயர்ந்த ரகமான எஸ்எஸ் என்று சொல்லி, அதற்குக் கீழ் ரகமான ஒரு சாதாரண இசட்28-ஐ என் தலையில் கட்டிவிட்டார்கள். கொடுத்தது 16,800 டாலர். இந்த மாதிரி கார் தேடுகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது நியூஜெர்சி. விற்றது ஒஹாயோவில் ஒரு பழைய கார் கடை. விளம்பரம் வந்தது, பழைய கார்களுக்கென்றே நடக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில். புகார் கொடுத்திருப்பதால் இரண்டின் பெயரையும் போடவில்லை.

அந்த வருடக் கமாரோவில் அடிமட்ட மாடலுக்கு 3.8 லிட்டர் வி6, 200 குதிரைசக்தி. அதற்கு மேலே இசட்28, 5.7 லிட்டர் எல்டி1 வி8, 285 குதிரைசக்தி. அதற்கும் மேலே எஸ்எஸ். எஞ்சின் அதே எல்டி1தான், ஆனால் பானட்டில் காற்று இழுக்கும் மூக்கு, அதற்கு அடியில் தனி ஏர் பாக்ஸ், இரண்டும் சேர்ந்து 305 குதிரைசக்தி. வீலும் 17 அங்குலம். கனடாவின் கியூபெக்கில் இசட்28-ஆகத் தயாரான காரை எஸ்எல்பி என்ற வேறொரு நிறுவனம் வாங்கி எஸ்எஸ் ஆக மாற்றிக்கொடுத்தது. தில்லுமுல்லுக்கு வழி திறப்பது இங்கேதான். மாற்றம் வெளியே நடந்ததால், ஒவ்வொரு காருக்கும் தனியாகக் கொடுக்கப்படும் அடையாள எண்ணான வின் எண்ணில் எஸ்எஸ் என்பதற்கு அடையாளமே கிடையாது. எட்டாவது எழுத்து ‘பி’ என்றால் எல்டி1 என்று அர்த்தம், அவ்வளவுதான். இசட்28-க்கும் பி, எஸ்எஸ்-க்கும் பி.

இதை எனக்கு விளக்கியதே அந்தக் கடைக்காரர்தான்! “310 குதிரைசக்திதானே?” என்று போனில் கேட்டேன். “இல்லை, 305. ஆப்ஷனல் எக்ஸாஸ்ட் வைத்த காருக்குத்தான் 310, இதில் அது இல்லை” என்று திருத்தினார். விற்க வந்தவன் தன் சரக்கைக் குறைத்துச் சொல்கிறானே, இவன் யோக்கியன் என்று மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது. அப்போதும் சும்மா விடவில்லை. 96, 97 எஸ்எஸ் என்றால் ஓட்டுநர் கதவில் ஒட்டியிருக்கும், காரில் என்னென்ன ஆப்ஷன் என்று குறியீடுகளாகப் பட்டியலிடும் லேபிளில் ‘ஆர்7டி’ என்ற குறியீடு இருக்க வேண்டும், அதைக் காட்டுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் போட்டோ வந்தது. பளிச்சென்று ஆர்7டி. 16,800 டாலரை வங்கியிலிருந்து ஒயர் செய்தேன்.

லாரியில் வந்து இறங்கிய காரின் கதவில் லேபிளே இல்லை. பசைத் தடம் மட்டும் இருந்தது. கேட்டால், கதவுக்கு பாலிஷ் போட்டபோது உரிந்திருக்கும் என்றார். சரி என்று ஓட்ட ஆரம்பித்தால், மழை பெய்த அன்றைக்கே எஞ்சின் திக்கியது. எல்டி1-இல் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக்கொடுக்கும் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டரை வாட்டர் பம்புக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பம்ப் கசிந்தால் அது காலி. (அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ!) மெக்கானிக் பானட்டைத் தூக்கியதும் சிரித்துவிட்டார். மேலே மூக்கு இருக்கிறது, அடியில் ஏர் பாக்ஸ் இல்லை. கம்பெனி இசட்28-க்குக் கொடுத்த அதே பழைய காற்றுக் குழாய். பானட்டும் எங்கேயோ வாங்கி மாட்டியது. அதன்பிறகு ஒரு டீலரின் சர்வீஸ் கவுன்டரில் வின் எண்ணைக் கொடுத்து ஆப்ஷன் பட்டியலை எடுத்தேன். எல்டி1 இருக்கிறது, ஆர்7டி இல்லை. அப்படியானால் அந்த போட்டோ வேறு காருடையது. அந்த லேபிளிலேயே வின் எண்ணும் அச்சாகியிருக்கும். எனக்கு வந்த படத்தில் அந்த வரி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

கடைக்குப் போன் செய்தால் முதலில் மேனேஜர் லீவு. அப்புறம் மேனேஜர் மீட்டிங்கில். கடைசியில் சிக்கியவர் சொன்ன பதில்: “பில்லில் 1996 கமாரோ என்றுதானே போட்டிருக்கிறோம், கமாரோ வந்ததா இல்லையா?” விளம்பரத்தில் எஸ்எஸ் என்று போட்டீர்களே என்றால், அது ‘எஸ்எஸ் ஸ்டைல்’ என்ற அர்த்தத்திலாம். கண்ணாடியில் ஒட்டியிருந்த ‘ஆஸ் ஈஸ்’ தாளை வேறு ஞாபகப்படுத்தினார். அதாவது வாரன்டி இல்லை. வாரன்டி இல்லை என்றால் வாயில் வந்ததைச் சொல்லி விற்கலாமா? ஆன்லைன் தளமோ, நாங்கள் விளம்பரம் மட்டும்தான் போடுகிறோம் என்று ஒரே பதிலை ஒட்டி ஒட்டி அனுப்புகிறது. விளம்பரத்தையும் தூக்கிவிட்டார்கள், நல்லவேளை, ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. ஒயர் செய்த பணம் திரும்பாது என்று வங்கி கைவிரித்தது. 16,800 டாலர்! ஒஹாயோ அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் போட்டிருக்கிறேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. லேபிள் போட்டோ வாங்கினால் வின் எண்ணும் குறியீடும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். 98 முதல் வந்த எஸ்எஸ் என்றால் ஆர்7டி அல்ல, ‘டபிள்யூயூ8’ பாருங்கள். பில்லில் ‘எஸ்எஸ்’ என்று எழுதாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஒயர் வேண்டவே வேண்டாம். அந்த ஊர் மெக்கானிக் ஒருவரை அனுப்பிப் பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி கேஸில் ஒஹாயோவில் யாராவது வக்கீல் வைத்து ஜெயித்திருந்தால் கீழே எழுதுங்கள்.